ஈரற்கலமும் வேண்டா விருந்தும்

சி வகை ஈரலழற்சி வைரசு மிக வறியது. ஏறக்குறைய 9,600 எழுத்துக்களாலான ஆர்.என்.ஏ. இழையொன்றும், அது விதிக்கும் பத்துப் புரதங்களுமே அதன் உடைமை. இழையைப் படியெடுக்கும் என்.எஸ்.5பி நொதியம் அதற்குச் சொந்தமாயினும், படியெடுக்கும் களம் சொந்தமன்று. என்.எஸ்.5ஏ என்னும் அதன் புரதம், ஈரற்கலத்தின் கொழுப்பில் பொசுபேற்றைச் சேர்க்கும் நொதியமொன்றை வயப்படுத்தி, அதனைக்கொண்டே கலத்துள் மென்சவ்வுகளை வலைபோற் பின்னுவிக்கின்றது. சைக்குளோபிலின் ஏ என்னும் கலப்புரதமும் என்.எஸ்.5ஏயுடன் பிணைந்து துணைபுரிகின்றது. பிற புரதங்கள் செவ்வனே மடிய உதவுதலே அதன் இயல்பான தொழில்.

இத்துணையைத் தடுப்பின் வைரசின் பெருக்கம் தடைப்படும். தன் புரதத்தை மாற்றி மருந்துக்குத் தப்பும் வைரசு, கலத்தின் புரதத்தை மாற்றவியலாதன்றோ? ஆயினும் அப்புரதம் கலத்துக்கும் வேண்டப்படுவதே இடர். சைக்குளோபிலினைத் தடுக்கும் அலிசுப்போரிவிர் மருந்தின் பரிசோதனை, நோயாளர் சிலருக்குக் கணைய அழற்சி கண்டமையால் 2012இல் இடைநிறுத்தப்பட்டது. 2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சொபோசுபுவிரோ, என்.எஸ்.5பியையே தாக்குவது.