காய்ச்சல் விடவில்லையா? கறுப்புப் பொருக்கைத் தேடுங்கள்!

ஐப்பசி, கார்த்திகையில் வரப்பெல்லாம் புல் மண்டிக் கிடக்கும். மாட்டுக்குப் புல் அறுப்பதும், ஆடு மேய்ப்பதும், களை எடுப்பதும் அந்தப் புல்லுக்குள்தான். அப்படி வேலை செய்தவருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. மழைக்காலக் காய்ச்சல்தானே என்று கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறார். ஐந்து நாளாகியும் விடவில்லை. டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்கிறது ரத்தப் பரிசோதனை. அப்போது சந்தேகப்பட வேண்டிய நோய், ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்கிற உண்ணிக்காய்ச்சல்.

மாட்டு உண்ணி அல்ல

பெயரில் உண்ணி இருந்தாலும், மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டியிருக்கும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. பரப்புவது, கத்திரியிலும் வெண்டையிலும் வருகிற செஞ்சிலந்திக்குத் தூரத்து உறவான ஒரு சிற்றுயிர். அது மண்ணிலும் புதரிலும் வாழ்கிறது. முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சுப் பருவத்தில் மட்டும் எலியையோ, புல்லில் உட்கார்ந்த மனிதரையோ கடிக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. கடித்தது பெரும்பாலும் தெரிவதே இல்லை.

நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். அதனால் எலியை மட்டும் ஒழித்தால் நோய் ஒழியாது. மனிதரிடமிருந்து மனிதருக்கும் இது தொற்றாது.

ஜப்பான் முதல் வேலூர் வரை

ஜப்பானில் ஆற்றங்கரை நிலங்களில் பாடுபட்ட விவசாயிகள் இந்தக் காய்ச்சலை நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா காடுகளில் இருந்த படைவீரர்களையும் இது வாட்டியது. 1948-ல் ஜோசப் ஸ்மாடெல் குழுவினர் மலேயாவில் நோயாளிகளுக்குக் குளோரம்பெனிகால் கொடுத்து, மருந்தால் இதைக் குணப்படுத்த முடியும் என்று காட்டினார்கள்.

நம் கிராமங்களில் இது எவ்வளவு பரவலாக இருக்கிறது? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் லண்டன் வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிறுவனமும் சேர்ந்து, வட தமிழகத்தில் 37 கிராமங்களைச் சேர்ந்த சுமார் 32,000 பேரை 2020 முதல் 2022 வரை கண்காணித்தன. ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இந்தக் கிருமி தொற்றுவது தெரியவந்தது. பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சலே வரவில்லை. வந்தவர்களில் சிலருக்கு நோய் முற்றியது. ஐந்து பேர் இறந்தார்கள்.

மருந்து உண்டு, தாமதம்தான் ஆபத்து

அமாக்சிசிலின் போன்ற வழக்கமான மருந்துகள் இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகியவை கேட்கும், விலையும் குறைவு. தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை பாதிக்கப்படும்.

நோய் முற்றிய நிலையில் இந்த இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் சுமார் 800 பேரிடம் ஆய்வு நடந்தது. முடிவு 2023-ல் வெளியானது. ஒரே மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 47, 48 பேருக்கு மரணமோ, நீடித்த காய்ச்சலோ, உறுப்புப் பாதிப்போ இருந்தது. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 33-ஆகக் குறைந்தது. ஆனால், எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். முக்கியமாக, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது.

உடம்பே காட்டும் அடையாளம்

கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு உண்டாகும். வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் கீழ், காதுக்குப் பின்புறம் என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். பெண்கள் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுவதும், அவசரத்தில் மருத்துவர் பார்க்காமல் விடுவதும் உண்டு. அதனால் வீட்டிலேயே தேடிப் பார்த்து, இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லோருக்கும் இந்தப் பொருக்கு வருவதில்லை. பொருக்கு இல்லையென்றாலும் நோய் இருக்கலாம். எலிசா ரத்தப் பரிசோதனை உதவும். ஆனால், காய்ச்சலின் முதல் சில நாள்களில் அதில் தெரியாமலும் போகலாம்.

கவனத்தில் வைக்க...

* புல்லிலும் வெறுந்தரையிலும் உட்காரும்போது சாக்கு அல்லது தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம்.
* வயல் வேலைக்கு முழுக்கைச் சட்டை, கால்களை மூடும் உடை நல்லது.
* வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உள்ளாடை உட்பட உடை மாற்ற வேண்டும். வேலை செய்த உடையோடு படுக்கக் கூடாது.
* துவைத்த துணியைப் புதர் மேலோ, புல் மேலோ போடாமல் கொடியில் காயவைக்க வேண்டும்.
* வீட்டையும் தொழுவத்தையும் ஒட்டிய புதரை வெட்டி, எலி அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது அவசியம். அங்கே, “புல் அறுத்தேன், காட்டில் ஆடு மேய்த்தேன்” என்று செய்த வேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை, மருத்துவரைச் சரியான மருந்துக்குச் சீக்கிரமே கொண்டுபோய்ச் சேர்க்கும்.