ஊசிவால் தாரா

மாரி மழை சற்று ஓய்ந்த மார்கழிக் காலையில், யாழ்ப்பாணத்தின் சந்நிதி கோயிலைத் தாண்டித் தொண்டைமானாற்று நீரேரியின் கரையோடு உள்ளே போனால், தண்ணீரில் ஒரு கூட்டம் மிதப்பது தெரியும். திடீரென்று பாதிப் பறவைகளுக்குத் தலையைக் காணோம். வால்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். தமிழ்நாட்டுப் பறவை நூல்கள் இதை ஊசிவால் வாத்து என்று எழுதும். எங்களுக்குத் தாராதான்.

வளர்ப்புத் தாராவைவிட மெலிந்த உடல். எடை ஒரு கிலோவுக்கு முன்பின். நீண்ட கழுத்தைக் கவிழ்த்துச் சேற்றிலுள்ள விதைகளை எடுக்கும். முழ ஆழத்துக்குக் கீழே எட்டாது. நீர்மட்டத்தை மாற்றும் நீரேரித் தடுப்பணையின் கதவுகளைத் திறப்பதும் மூடுவதும் கமக்காரருக்கு உவர்நீர்ப் பிரச்சினை. தாராவுக்குச் சோற்றுப் பிரச்சினை.

கசகஸ்தானின் புல்வெளிகளிலும் சைபீரியச் சதுப்புகளிலும் குஞ்சு பொரிக்கும் இனம் இது. குளிரை இறகு தாங்கிவிடும். ஆனால் குளம் உறைந்தபின் இரை ஏது? அந்த நாட்டு நாடோடி மேய்ப்பர்களும் பனிக்கு முன்னே கூடாரத்தைச் சுருட்டி, ஆடு குதிரைகளோடு காற்று மறைவான இடம் தேடி இறங்கியவர்கள்தான். தாராவுக்கு அந்தத் தூரம் காணாது.

தெற்கே வரும் வழியில் பாலைநிலங்கள், பிறகு மலைகள். 1950களின் தொடக்கத்தில், எவரெஸ்டின் கீழே கும்பு பனியாற்றில், ஏறத்தாழ 5,000 மீற்றர் உயரத்தில், ஊசிவால் தாரா ஒன்றின் உடல் எச்சம் கிடைத்தது. கூடவே ஒரு கருவால் மூக்கன். இரண்டுமே யாழ்ப்பாணத்து நீரேரிகளுக்கு வரும் இனங்கள்.

இந்தப் பயணத்துக்குக் கட்டுச்சோறு, தோலுக்கடியில் சேர்த்த கொழுப்பு. ஒரு கிராம் மாச்சத்து 4 கிலோகலோரி தந்தால், கொழுப்பு 9 தரும். எரியும்போது தண்ணீரும் உண்டாகும். மூச்சும் வேறு மாதிரி. நாம் இழுத்த வழியாலேயே விடுவதால் பழைய காற்று கொஞ்சம் உள்ளே தங்கும். பறவையின் காற்றுப்பைகளோ நுரையீரலுக்குள் காற்றை ஒரே திசையில் செலுத்துகின்றன. மூச்சை விடும்போதும் புதுக்காற்று கிடைக்கிறது. தொண்டைமானாற்றை அங்குள்ள வெளிக்கள நிலையத்தின் பரீட்சைத் தாளில் மட்டும் கண்ட உயர்தர உயிரியல் மாணவர்கள், ஒருநாள் தாளை மடித்து வைத்துவிட்டு வந்து பார்க்கலாம்.

ஐப்பசியில் வந்திறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் எல்லாம் பேடுகள் போலவே இருக்கும். கோடையில் பறக்கும் இறகுகள் மொத்தமாக உதிர்ந்து, சில வாரம் பறக்க முடியாமல் கிடந்த காலத்தின் மங்கல் உடையைச் சேவல்கள் இன்னும் கழற்றியிருக்கமாட்டா. தை பிறக்கும்போது பார்க்கவேண்டும்: கபிலத் தலை, வெள்ளைக் கழுத்து, ஊசியாய் நீண்ட வால். சோடி சேர்வதும் இப்படிக் குளிர்காலத்துக்கு வந்த இடத்தில்தான். பங்குனி அளவில் திரும்பும்போது சேவல் தன் ஊருக்குப் போவதில்லை; பேடு பிறந்த ஊருக்கு அதன் பின்னாலேயே போகும். சீதன வீட்டுக்குக் குடிபோன யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.