கம்ப்யூட்டரின் களமும் பத்தாயமும்

கிராம நிர்வாக அலுவலகங்களிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், பெரிய பண்ணைகள் சிலவற்றிலும் இக்காலத்தில் கணக்கெழுதும் வேலையைக் கம்ப்யூட்டர் என்னும் யந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்டது. கர்ணம் பதவி 1980-ஆம் ஆண்டிலேயே ஒழிந்தது. அவர் பெட்டியில் பூட்டி வைத்திருந்த சிட்டாவும் இப்பொழுது திரையில் தோன்றுகிறது. ஆயினும் யந்திரம் வந்த வேகத்தில் அதன் உறுப்புக்களின் பெயர்கள் பலருக்கு விளங்கவில்லை. அதனால் நேரிடும் நஷ்டம் சிறிதன்று.

ஓர் ஊர்ச் சங்கத்தில், வெள்ள நிவாரணத்துக்குரிய விவசாயிகளின் பட்டியலை எழுத்தர் ஒருவர் காலை முதல் மாலை வரை யந்திரத்தில் பதிந்துகொண்டிருந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் சர்வே எண்களுடன் திரையில் வரிசையாக நின்றன. திடீரென்று மின்சாரம் நின்றது. அது மீண்டும் வந்தபோது திரையில் ஒரு பெயரும் இல்லை. துண்டுச் சீட்டுக்களைப் பார்த்து இரவில் மறுபடியும் எழுதியபோது இரண்டு சீட்டுக்கள் அகப்படவில்லை. அவ்விரு குடியானவர்களும் பட்டியலில் விடுபட்டுப் பல நாள் அலைய நேர்ந்தது. யந்திரத்தில் பழுது ஏதும் இல்லை. திரையில் தெரிவதெல்லாம் பத்திரப்பட்டுவிட்டது என்று எழுத்தர் எண்ணியதே பிழை.

அது எவ்வாறு பிழையாகும் என்பதை அறிய, முதலில் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். கையால் தொடக்கூடிய உறுப்புக்களெல்லாம் வன்பொருள், அதாவது ஹார்டுவேர். திரை, விசைப்பலகை, மவுஸ் எனப்படும் சுட்டி, அச்சுப்பொறி ஆகியவை இதில் அடங்கும். இவை பார்த்த மாத்திரத்தில் விளங்குவன. யந்திரம் இன்னது செய்க என்று எழுதி வைத்த கட்டளைகளின் தொகுதி மென்பொருள், அதாவது சாஃப்ட்வேர். ஏரும் கலப்பையும் வன்பொருள் என்றால், எந்தப் பட்டத்தில் எதை எவ்வளவு விதைப்பது என்னும் முறை மென்பொருள். ஒன்றின்றி மற்றொன்றால் பயனில்லை.

பெட்டிக்குள் இருப்பவற்றில் மூன்றே முக்கியமானவை. கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றுவது பிராசஸர். இதனை ஒரே சில்லில் அடக்கி 1971-ஆம் ஆண்டில் இன்டெல் கம்பெனியார் 4004 என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.  இரண்டாவது ராம் எனப்படும் நினைவகம். மூன்றாவது ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டு இல்லாத புதிய வகையை எஸ்.எஸ்.டி. என்பர். பின் இரண்டையும் ஒன்றெனக் கருதுவதுதான் பெருங்குழப்பம்.

நினைவகம் நெல்லடிக்கும் களம் போன்றது. ஹார்டு டிஸ்க் வீட்டிலுள்ள பத்தாயம் போன்றது. வேலை நடப்பது களத்தில். தட்டச்சு செய்யும் பெயர்களெல்லாம் முதலில் அங்கேதான் குவிகின்றன; திரை காட்டுவதும் அக்குவியலையே. மின்சாரம் உள்ளவரையில் அது நிற்கும். நின்றவுடன் ஒரு மணியும் மிஞ்சாது. சேவ், அதாவது சேமித்தல், என்பது களத்து நெல்லைப் பத்தாயத்தில் கொட்டுவதாகும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எஸ் விசையைத் தட்டினால் இது ஒரு நொடியில் முடியும். பத்துப் பெயர் எழுதியதும் ஒரு முறை இவ்வாறு செய்திருந்தால் மேற்சொன்ன எழுத்தருக்குப் பத்துப் பெயருக்கு மேல் நஷ்டமிராது. சில மென்பொருள்கள் தாமே இடையிடையே சேமிக்கின்றன எனினும், எல்லாம் அப்படியல்ல. யு.பி.எஸ். என்னும் மின்கலப் பெட்டி, மின்சாரம் நின்றபின் சில நிமிஷங்கள் தாங்கும். அந்த அவகாசம் வேலையைச் சேமித்து யந்திரத்தை முறைப்படி நிறுத்துவதற்கேயன்றித் தொடர்ந்து எழுதுவதற்கன்று.

யந்திரம் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் "எட்டு ஜி.பி., ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஜி.பி." என்று ஒரே மூச்சில் சொல்லுவார். முந்தியது களத்தின் அளவு. பிந்தியது பத்தாயத்தின் அளவு. களம் சிறிதானால் வேலை மந்தமாகும். பத்தாயம் சிறிதானால் இடம் போதாது. இந்த அளவுகளின் அடிப்படை பைட் என்பது. எட்டு பிட் கொண்டது ஒரு பைட். யூனிகோட் முறையில் வழக்கமாகச் சேமிக்கும்போது "நெல்" என்னும் சொல் பன்னிரண்டு பைட் இடம் கொள்கிறது. 1024 பைட் ஒரு கிலோபைட். 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டரில் மிகக் குறைந்த விலையுடையதற்கு 16 கிலோபைட் நினைவகமே இருந்தது, எட்டு ஜி.பி. என்பது அதைப்போல் ஐந்து லட்சம் மடங்குக்கு மேல். ஆகவே பட்டியலும் கடிதமும் எழுதுவதற்கு மட்டும் யந்திரம் வாங்குவோர், இதற்கு மேற்பட்ட அளவுக்காக அதிகப் பணம் செலவிடுதல் அநாவசியம்.

பண்ணையில் ஆட்களுக்கு வேலை பகிர்ந்தளிக்கும் காரியஸ்தரைப் போன்றது ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதாவது இயக்க முறைமை. விண்டோஸ் விலை கொடுத்துப் பெறுவது; லினக்ஸ் வகைகளில் பல விலையின்றியே கிடைக்கின்றன. சேமித்த ஒவ்வொரு பட்டியலும் ஒரு கோப்பு. கோப்புக்களை வைக்கும் உறை கோப்புறை. கோப்புக்கு "புதியது", "புதியது 2" என்று பெயரிடும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. ஆறு மாதம் கழித்து அவற்றில் எது சம்பா, எது குறுவை என்று பெயரிட்டவருக்கே தெரிவதில்லை. ஊர், பசலி, பயிர் மூன்றும் பெயரில் இருத்தல் நலம்.

பழைய தமிழ்க் கோப்புக்களைத் திறந்தால் பொருளற்ற குறிகள் தோன்றுவதுண்டு. கோப்பு கெட்டுவிட்டதென்று அதை அழித்துவிடலாகாது. முற்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழெழுத்துக்களைத் தத்தம் விருப்பப்படி எண்ணிட்டு வைத்தது; அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் படிக்க முடியாது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2010-ஆம் ஆண்டில் யூனிகோட் முறையை ஏற்று ஆணையிட்டது. பழைய கோப்பை அம்முறைக்கு மாற்றும் மென்பொருள்கள் உண்டு.

கடைசியாகப் பேக்கப், அதாவது மறுபிரதி. பத்தாயம் நிறைய நெல் இருந்தாலும் விதை நெல்லைக் கோட்டை கட்டித் தனியே வைப்பது குடியானவர் வழக்கம். ஹார்டு டிஸ்கும் ஒருநாள் தேய்ந்து நின்றுவிடும். அன்றியும், கோப்புக்களைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்கும் தீய மென்பொருள்களும் உலவுகின்றன. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னாக்ரை என்பது பல தேசங்களில் ஆஸ்பத்திரிகளையும் முடக்கியது. பென்டிரைவில் எடுத்த பிரதியை யந்திரத்திலேயே செருகி வைத்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். பிரதி எடுத்ததும் திரையில் எஜெக்ட் என்னும் கட்டளையைக் கொடுத்த பின்னரே பிடுங்கி, வேறொரு கட்டிடத்தில் வைக்கவேண்டும். பருவத்துக்கு ஒரு முறை அதனை மற்றொரு யந்திரத்தில் திறந்து, பட்டியலின் முதற் பெயரும் கடைசிப் பெயரும் சரியாக உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.