சீட்ஸ் என்னும் எபிரேயச் சொல்

திருநீறு முதலிய சைவ சின்னங்களை வெற்றுப் புறவேடமெனப் பாதிரிமார் இகழ்ந்த காலத்து, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் 1854-இல் சைவதூஷணபரிகாரம் வெளியிட்டு, யூதர் ஆலயக் கிரியைகளைச் சைவக் கிரியைகளோடு ஒப்பிட்டு விடையிறுத்தார். பேர்சிவல் பாதிரியாரது விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்று பெற்ற பயிற்சி அவர்க்கு ஆண்டுப் பயன்பட்டது. அவ்விடைக்கு அரண்செய்யும் எபிரேயச் சொல்லொன்று ஈண்டு ஆராயப்படும்.

யூதரின் தலைமைக் குரு ஆலயப் பணிக்கண் அணிவன யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்துக் கூறப்பட்டுள. அவற்றுள் ஒன்று, தலைப்பாகையின் முகப்பில் நீல நாடாவாற் கட்டும் பசும்பொன் தகடு. இறைவற்கு உரித்தாய்த் தூய்மையுற்றமை காட்டும் எழுத்து அதன்கண் பொறிக்கப்படும். அதன் பெயர் ‘சீட்ஸ்’.

இச்சொற்கு நேர்பொருள் பூ என்பதாம். எண்ணாகமம் 17-இல் ஆரோன் கோலிற் பூத்த மலரும், ஏசாயா 40-இல் வாடும் வயற்பூவும் இச்சொல்லானே வழங்கப்பட்டன. யூத உரைமரபோ இருவிரல் அகலமாய்க் காதுமுதற் காதுவரை செல்லும் தகடென்னும்.

பூவின் பெயர் பொற்றகட்டிற்கு ஆனது யாங்ஙனமெனின், தமிழ் வழக்கு விளக்கந்தரும். பாணர் பெற்ற பொற்றாமரையும், வணிகர் பெற்ற எட்டிப்பூவும் பொன்னாலாயினவே, பூவென்றே வழங்கின. ஈந்தோனது சிறப்பிற்கு உரியன் இவன் என்பதை அவை அறிவித்தன. யாத்திராகமம் 39-ஆம் அதிகாரமும் சீட்ஸை ‘நேசெர்’ என்னும் சொல்லோடு சேர்த்துரைக்கின்றது. நேசெர் என்பது முடியையும், பிரித்து இறைவற்கு உரித்தாக்குதலையும் குறிக்கும். மக்கள் காணிக்கையிற் பற்றிய குற்றத்தை அத்தகடணிந்த குரு சுமப்பன் எனவும் 28-ஆம் அதிகாரங் கூறும். ஆகலின் அஃது அழகுபற்றி அணிந்ததன்று, ஆட்பட்டமைக்கு அடையாளம் என்பது பெறப்படும்.

இக்கருத்தைக் கல்லிற் காண விழைவார், அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்டசோழபுரஞ் செல்க. முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த அக்கோயிலின் வடக்கு வாயிலருகே, சிவபெருமான் சண்டேசுரர் தலையில் மாலை சுற்றுகின்றார். தம் சடையிலிருந்த கொன்றைமாலையைச் சூட்டித் தொண்டர்க்கெல்லாந் தலைவராக்கியதைப் பெரியபுராணம் உரைக்கும். யூத குருவின் பூ மரபுரிமையால் வருவது. சண்டேசுரர் பூ அன்பிற்கு அருளாய் வந்தது. வேறுபாடு இதுவே, இரண்டும் உணர்த்துவது உரிமையே.

மெய்யடியார் வேடத்தை அரனெனத் தொழவேண்டுமெனச் சிவஞானபோதம் 12-ஆஞ் சூத்திரம் விதித்ததும் இதுபற்றியே. பொன்னாயினும் பூவாயினும் நீறாயினும், அணிந்தானை உடையான் ஒருவன் உளன் என்பதையே அது காண்பார்க்கு உணர்த்தும், அணிந்தானுக்கும் நினைவூட்டும்.