விரலிடுக்கில் பிதுங்கும் சூரியன்

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி நான் பௌதிகம் பேசினால் வீட்டில்கூட மதிப்பதில்லை. இருந்தும் அணுச்சேர்க்கை பற்றி எழுதத் துணிந்தேன் என்றால், அதற்குக் காரணம் என் மனைவி ரசத்துக்குப் புளி கரைத்ததுதான். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் விரலிடுக்கில் புசுக்கென்று பிதுங்கிவிடுகிறது.

"கலிஃபோர்னியா விஞ்ஞானிகளுக்கும் இதே தொல்லைதான்" என்றேன்.

"அவங்களாவது கொட்டை எடுத்த புளியா வாங்கியிருப்பாங்க" என்றாள்.

அங்கே லிவர்மோர் என்ற ஊரில் 'நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி' என்று ஒரு ராட்சத லேசர்க் கூடம். 192 லேசர் கற்றைகள். இத்தனையும் எதற்கு? பெரிய கடுகு சைஸில், 2 மில்லிமீட்டர் வைர ஓடு ஒன்றை நசுக்க! ஓட்டுக்குள் டியூட்டிரியம், டிரிட்டியம் என்று ஹைட்ரஜனின் கனத்த சகோதரர்களை உறைய வைத்திருக்கிறார்கள். உருண்டை இருப்பது தங்கம் பூசிய குப்பிக்குள். லேசர் பட்டதும் குப்பியின் சுவர் எக்ஸ்ரே கக்கும். அதில் ஓட்டின் மேல்தோல் ஆவியாகிச் சீற, மிச்ச ஓடு ராக்கெட் மாதிரி உள்நோக்கிப் பாயும். வேகம், நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். உள்ளே இருப்பது பிளாஸ்மாவாகி, பத்துக் கோடி டிகிரியைத் தாண்டினால்தான் காரியம் நடக்கும்.

ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமுங்க வேண்டுமே! எண்ணெய்க்கு மேல் எவ்வளவு ஜாக்கிரதையாகத் தண்ணீர் ஊற்றினாலும் அது விரல் விரலாகக் கீழே இறங்கிவிடும். லேசான வஸ்து கனமானதைத் தள்ளும்போதெல்லாம் இந்தக் கதைதான். ராலே-டெய்லர் நிலையின்மை என்று பெயர். ஓட்டில் கண்ணுக்கே தெரியாத ஒரு பள்ளம் போதும். சுருங்கச் சுருங்க அது வளர்ந்து, வைரத் துணுக்கு நடுவில் புகுந்து, சூட்டைத் தின்றுவிடும். எரிபொருள் நிரப்புகிற குழாய்கூட வில்லன்தான். அதை 10 மைக்ரானிலிருந்து 5, அப்புறம் 2 என்று இளைக்க வைத்தார்கள். உருண்டையைத் தாங்குகிற ஜவ்வுகூடத் தன் பங்குக்கு வடு வைத்தது.

2012-க்குள் பற்றவைப்பதாகத் திட்டம். பற்றவில்லை. 2021 ஆகஸ்டில் 1.3 மெகாஜூல் வந்தது. குஷியாகி, அதே பக்குவத்தில் அடுத்தடுத்துச் செய்து பார்த்தார்கள். அதில் நன்றாக வந்ததே பாதிதான்!

"மைசூர்பாகு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரியா வருது?" என்றாள் மனைவி. பௌதிகம் புரிந்துவிட்டது.

2022 டிசம்பர் 5-ஆம் தேதி, உள்ளே போன லேசர் 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15. உலகமே கைதட்டியது. என் பி.காம். புத்தி மட்டும் வவுச்சரைப் புரட்டியது. அந்த லேசருக்கு இழுத்த கரண்ட் சுமார் 300 மெகாஜூல். நூறு ரூபாய் போட்டு ஒரு ரூபாய்! 2025-ல் 8.6 மெகாஜூல்வரை எட்டியிருக்கிறார்கள். அப்படியும் மூன்று ரூபாய்தான். நியாயமாகச் சொன்னால், கூடத்தைக் கட்டியதே முக்கியமாக அணு ஆயுத ஆராய்ச்சிக்காக. கரண்ட் விற்க அல்ல.

விற்பதானால் நொடிக்குப் பத்து உருண்டையாவது வெடிக்க வேண்டுமாம். ஒவ்வொன்றும் பழுதில்லாமல். மனைவியிடம் சொன்னேன். புளிக் கையோடு திரும்பிப் பார்த்தாள்.

"உருட்டறது யாரு?"