சைலன்ஸர் சத்தம் கூடினால் பிக்-அப் கூடுமா? கடலூர் கார்க்காரர்களுக்கு ஒரு கணக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடலூர் தேவனாம்பட்டினம் பீச் ரோட்டில் நின்றால், சில கார்கள் வருவதற்கு முன்பே அவற்றின் சத்தம் வந்துவிடும். பார்த்தால் பழைய ஹேட்ச்பேக்தான். பின்னால் மட்டும் டம்ளர் அளவுக்கு வாய் அகன்ற புதுப் பைப் இருக்கும். ‘சைலன்ஸரை மாத்தினதுல இருந்து பிக்-அப் சூப்பர்’ என்பார் ஓட்டுபவர். சத்தம் கூடியது உண்மை. பிக்-அப் அநேகமாகக் குறைந்திருக்கும்.

நாம் மொத்தமாக ‘சைலன்ஸர்’ என்று சொல்வது உண்மையில் ஒரு நீண்ட வரிசை. என்ஜினை ஒட்டி மேனிஃபோல்டு. அதற்கு அடுத்து, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பிறகு காரின் அடியில் ஓடும் நீளமான பைப். கடைசியில் சத்தத்தை அடக்கும் மஃப்ளர் டப்பா. இந்த வரிசையில் எது எங்கே இருக்க வேண்டும், பைப் எத்தனை அகலம், எங்கே வளைய வேண்டும் என்பதையெல்லாம் என்ஜினையும் காரின் அடிப்பகுதியையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

என்ஜினில் இருந்து புகை ஒரே சீராக வருவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது ஒரு துடிப்பாக வெளியே தள்ளுகிறது. வேகமாகப் போகும் துடிப்பு, தனக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு இடத்தை விட்டுச் செல்லும். அடுத்த புகையை சிலிண்டரில் இருந்து இழுத்துவிடுவது அதுதான். பைப்பை அளவுக்கு மீறி அகலமாக்கினால், அகன்ற இடத்தில் ஆற்றுத் தண்ணீர் மெதுவாவது போல புகையும் மெதுவாகிவிடும், இழுப்பும் குறையும். திருப்பாதிரிப்புலியூர் நெரிசலிலும் சிதம்பரம் தேர் வீதிகளிலும் நாம் ஓட்டுவது குறைந்த ஆர்.பி.எம்.மில். அகலப் பைப் அடி வாங்குவதும் அங்கேதான். ‘என்ஜினுக்கு பேக் பிரஷர் வேணும் சார்’ என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். சொல்லும் முடிவு சரி, காரணம் தவறு. தேவைப்படுவது தடை அல்ல, புகையின் வேகம். டர்போ என்ஜின்களின் கதை வேறு. டர்போவுக்குப் பின்னால் வழி எவ்வளவு தாராளமோ அவ்வளவு நல்லது. ஆனால் நம் தெருக்களில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு டர்போ கிடையாது.

நான்கு சிலிண்டர் என்ஜின் பொதுவாக 1-3-4-2 என்ற வரிசையில் எரியும். நான்கு குழாய்களையும் நெருக்கமாக ஒரே இடத்தில் கோத்தால், ஒரு சிலிண்டரின் சூடான புகை, இன்னும் வாசல் மூடாத பக்கத்து சிலிண்டருக்குள் திரும்பிப் போகும். அதனால் ஒன்றையும் நான்கையும் ஒரு ஜோடி, இரண்டையும் மூன்றையும் ஒரு ஜோடியாக்கி, அப்புறம் இரண்டையும் ஒன்றாக்குவது உண்டு. 4-2-1 என்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் நீளமான குழாய்கள் வேண்டும். இடம்?

இந்த இடப் பிரச்னை பெரிய கம்பெனியையும் விடவில்லை. ஜப்பானின் மஸ்டா, ஸ்கைஆக்டிவ் என்ற 2 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு நீளமான 4-2-1 குழாயை வடிவமைத்தது. புதிதாக வரைந்த சி.எக்ஸ்-5 காரில் அது பொருந்தியது. அமெரிக்காவில் அந்தக் கார் 13:1 கம்ப்ரஷனில் ஓடியது. அதே என்ஜினை 2012 மாடல் மஸ்டா 3-ல் வைத்தபோது, பழைய பானட்டுக்குள் அந்தக் குழாய் நுழையவில்லை. கம்ப்ரஷனை 12:1 ஆகக் குறைக்க வேண்டியதாயிற்று. ஒரே என்ஜின்தான், குழாய்க்கு இடம் இல்லாததால் அதன் குணம் மாறியது. அத்தனை இன்ஜினீயர்கள் திணறிய கணக்கை, ஒரு மதிய நேரத்தில் வெல்டிங் வைத்துத் தீர்த்துவிட முடியும் என்று நம்புவது கொஞ்சம் அதிகப்படி.

ஒரு சென்டிமீட்டர் விவகாரம்

காரின் அடியில் பைப்புக்கு ஒதுக்கியிருப்பது ஒரு ஒடுக்கமான சந்து. பக்கத்தில் பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய்கள், பின் ஆக்ஸில், ஸ்டெப்னி. சூடாகும்போது இரும்பு நீளும். மூன்று மீட்டர் பைப் 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளும். அதற்காகத்தான் ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ரப்பர் அறுந்துவிட்டது என்று கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டினால், பைப் நீள வழியில்லாமல் மேனிஃபோல்டு பக்கம் விரிசல் விடும். வளைக்கும்போது நசுங்கிய பைப் வேறு வழியை அடைக்கும். கொஞ்சம் தாழ்வாகப் பொருத்திய மஃப்ளர், ஐந்து பேரும் லக்கேஜும் ஏறியதும் ஸ்பீடு பிரேக்கரில் உரசும்.

உப்புக் காற்றும் வெள்ளமும்

நம் ஊருக்கென்று தனியாக இரண்டு எதிரிகள் உண்டு. முதலாவது துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. மஞ்சக்குப்பத்தில் இருந்து திருப்பாதிரிப்புலியூர் வரை போய்த் திரும்பும் காரில் மஃப்ளர் முழுதாகச் சூடாவதே இல்லை. அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகத் தேங்கும். உள்ளே ஈரம், வெளியே கடல் காற்று. வாரம் ஒரு முறையாவது சிதம்பரம் வரை ஒரு நடை ஓட்டினால் காய்ந்துவிடும். நடராஜரையும் பார்த்த மாதிரி ஆச்சு. சில மஃப்ளர்களின் அடியில் சின்ன ஓட்டை இருக்கும். தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே வைத்தது. ‘லீக்’ என்று அடைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது வெள்ளம். 2015-லும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகியபோதும் கடலூர் பார்த்ததுதான். தண்ணீரில் ஓடும் காரை உடனடியாகக் கெடுப்பது பெரும்பாலும் முன்பக்கம் காற்று இழுக்கும் வழியாக உள்ளே போகும் தண்ணீர். அதனால் பைப்பின் வாயை மட்டும் உயர்த்திவிட்டால் போதும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. நின்றிருந்த கார் மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்கவே வேண்டாம், மெக்கானிக் வரட்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. பைப்பில் ஓட்டை விழுந்தால் புகை காருக்குள்ளும் வரலாம். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஏ.சி. போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நிறுத்திய காரில் குழந்தைகளோடு தூங்குவது உயிருக்கே ஆபத்து. பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி, குமட்டல் என்றால் ‘டிராவல் ஒத்துக்கலை’ என்று விட்டுவிடாமல், உடனே வண்டியை நிறுத்தி எல்லோரையும் வெளியே இறக்குங்கள். பிறகு பைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று முன்பக்கம் ‘டப் டப்’ என்று புதுச் சத்தம் கேட்பதும் ஓர் அறிகுறி.

சட்டமும் இருக்கிறது. ஒலி மாசு விதியை மீறி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போதாததற்கு மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் போகும்.

துருப்பிடித்த பைப்பை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய அதே பைப்பைக் கேளுங்கள். பழையதைக் கழற்றியதும் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வளைவு, கொக்கி, வாய் அகலம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு புதியதை ஏற்றச் சொல்லுங்கள்.