வயதைப் பார்த்துத் துணி வெட்டாதீர்கள்!

தோட்டத்துத் தாய்மார்களே, இந்த வாரம் சம்பளம், சந்தா, ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு பள்ளிச் சீருடையைப் பற்றிப் பேசப் போகிறோம். 'சங்கத்துக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுத் தொடர்ந்து படியுங்கள்.

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குச் சங்க வேலையாகப் போயிருந்தோம். மாலை நேரம். ஒரு வீட்டு வாசற்படியில் படிவம் 1 படிக்கும் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். "பள்ளிக்கூடம் எப்படிம்மா போவுது?" என்று கேட்டோம். பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"நாலு நாளா போகலைக்கா. வயித்து வலிங்கிறா. ராத்திரி சோறு மட்டும் நல்லாத்தான் சாப்பிடுறா," என்றார் தாய்.

தாய் தேத்தண்ணி கலக்கப் போன நேரத்தில் பிள்ளையிடம் மெல்லக் கேட்டோம். அவள் சுவரில் ஆணியில் தொங்கிய சீருடையைக் காட்டினாள். "இதைப் போட்டுக்கிட்டுப் போனா, அம்மா சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டு வந்துட்டான்னு சிரிக்கிறாங்க, பெரியம்மா."

போட்டுக் காட்டச் சொன்னோம். பினாபோர் தோளில் நிற்காமல் நழுவியது. உள்ளே போட்ட வெள்ளைச் சட்டையின் கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்தது. ஆனால் பெல்ட்டோ இடுப்புக்கு மேலே ஏறி நின்றது. அகலத்தில் பெரிது, நீளத்தில் சிறிது! பாவம், பிள்ளை எதை மறைப்பாள், எதை இழுத்து விடுவாள்?

"வளர்ற பிள்ளை, ரெண்டு வருஷம் தாங்கட்டுமேன்னுதான் பெரிசா வெட்டினேன். பக்கத்து வீட்டுல இரவல் வாங்குன பேப்பர் வெட்டு. உறையில 14 போட்டிருந்திச்சு. இவளுக்கும் அடுத்த வருஷம் 14 ஆவுதே," என்றார் தாய்.

அவரைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நாமும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, பட்டணத்துப் பள்ளிக்குப் போன பிள்ளைதான். நம் தாயாரும் இதே கணக்கில்தான் தைத்துக் கொடுத்தார். அந்த வருஷம் முழுக்கப் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நடந்தோம். பதில் தெரிந்தும் கை தூக்க மாட்டோம். கை தூக்கினால் சட்டை மேலே ஏறுமே! வகுப்பில் கை தூக்காத பிள்ளையை ஆசிரியர் 'மந்தம்' என்றுதானே நினைப்பார்?

இந்த நாட்டில் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே மாதிரிச் சீருடை 1970 ஜனவரியில் வந்தது. தொடக்கப்பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கருநீலப் பினாபோர். இடைநிலைப் பள்ளிக்குப் போனால் பச்சை கலந்த இளநீலம். ஆகவே 13 வயதில் பழைய உடுப்பு ஒன்றும் உதவாது. எல்லாம் புதிதாகத் தைக்க வேண்டும். 'பெண் வளர்த்தி பீர்க்கங்கொடி வளர்த்தி' என்பார்களே, அந்த வேக வளர்ச்சி வருவதும் ஏறக்குறைய இந்த வயதில்தான். பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்குள் ஒரே ஆண்டில் 3 அங்குலம் உயரும் பிள்ளைகள் உண்டு. துணி வாங்கும் செலவும் பிள்ளையின் வளர்ச்சியும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. ஆனாலும் ஒரு சீருடைத் துணி வீணாகிப் போனால் நம் வீட்டுக் கணக்கில் அது தெரியத்தான் செய்யும். அதனால் தாய்மார்களே, கத்திரியை எடுக்குமுன் இவற்றைக் கவனியுங்கள்.

உறையில் உள்ள எண் வயது அல்ல

உறை போட்டு விற்கும் அமெரிக்கக் கம்பெனி வெட்டுத்தாள்களில், பெண்பிள்ளைகளுக்கான 12ஆம் எண் என்றால் மார்புச் சுற்று 30 அங்குலம், முதுகு நீளம் 13½ அங்குலம். 14ஆம் எண் என்றால் சுற்று 32, முதுகு நீளம் 14¼. உறையின் பின்பக்க அட்டவணையில் இது இருக்கும். வயதுக்கும் அந்த எண்ணுக்கும் உறவு இல்லை.

நாம் பார்த்த பிள்ளையை டேப் வைத்து அளந்தோம். மார்புச் சுற்று 30. முதுகு நீளம் 15. அதாவது அகலத்துக்கு அவள் 12ஆம் எண். நீளத்துக்கு 14ஆம் எண்ணும் போதவில்லை, முக்கால் அங்குலம் குறைகிறது. பெல்ட் ஏன் ஏறி நின்றது என்று இப்போது விளங்குகிறதா?

முதுகு நீளம் என்பது பின்கழுத்தில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பு வரை. இடுப்பு எது என்று தெரியாவிட்டால் ஒரு கயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் பக்கவாட்டில் வளையச் சொல்லுங்கள். கயிறு தானாகப் போய் நிற்கும் இடம்தான் இடுப்பு.

இன்னொன்று. உடம்பின் அளவை உறையின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். தாளை அளந்து ஒப்பிட வேண்டாம். மூச்சு விடவும் கை வீசவும் வேண்டிய இடத்தை அந்தத் தாளிலேயே சேர்த்து வரைந்திருப்பார்கள்.

தோளுக்கு எடுங்கள், நீளத்தைக் கூட்டுங்கள்

பெரிய எண்ணை எடுத்தால் கழுத்தும் தோளும் சேர்ந்து பெரிதாகிவிடும். கழுத்து அகன்ற சட்டையைச் சரிசெய்வது கடினம். அதனால் சுற்றளவுக்கும் தோளுக்கும் பொருந்துகிற எண்ணையே எடுங்கள். குறைகிற நீளத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம்.

எப்படி? கை பொருத்தும் வளைவுக்கும் இடுப்புக்கும் நடுவில் தாளின் குறுக்கே ஒரு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் வெட்டுங்கள். இரண்டு துண்டுக்கும் நடுவே 1½ அங்குலம் இடைவெளி விட்டுப் பழைய பத்திரிகைத் தாளை வைத்து ஒட்டுங்கள். பக்கக் கோடுகளைச் சேர்த்து வரையுங்கள். முன்பக்கத் தாள், பின்பக்கத் தாள் இரண்டுக்கும் இதே அளவுதான். அடியில் மட்டும் ஒட்டுப் போட்டால் இடுப்பு வளைவு தன் இடத்தில் நிற்காது.

சுற்றளவு 1 அங்குலம் போதவில்லை என்றால், நான்கு பக்க ஓரங்களிலும் கால் அங்குலம் கூட்டுங்கள். நான்கு கால் ஒரு அங்குலம். கழுத்தைத் தொடாதீர்கள்.

வளர்ச்சிக்கு இடம் எங்கே விடுவது?

நம் பாட்டிமார் பட்டுப் பாவாடைக்கு இரண்டு மூன்று டக் பிடித்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவார்கள். பிள்ளை முதலில் நீளத்தில்தான் வளர்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே யோசனையைப் பினாபோருக்கும் வைப்போம்.

பாவாடை அடியில் 3 அங்குலம் மடித்துத் தையுங்கள். மேல்பாகமும் பாவாடையும் சேரும் இடுப்புத் தையலில் உள்ளே 1 அங்குலம் துணி விடுங்கள். பிறகு பிரித்து விட்டாலும் பெல்ட் மறைத்துக்கொள்ளும். இரண்டு பக்கத் தையலிலும் 1 அங்குலம் உள்ளே இருக்கட்டும். அடி மடிப்பை ஆண்டுக்கு ஒரு முறையாவது பிரித்து விடுங்கள். மூன்று ஆண்டு காத்திருந்தால் பழைய கோடு வெளுத்துப்போய் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பருத்தித் துணியாக இருந்தால் வெட்டுமுன் தண்ணீரில் நனைத்துக் காயப் போடுங்கள். சுருங்குவது தைக்குமுன்பே சுருங்கட்டும்.

பாஜு குரோங் போடும் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. பழைய முறையில் தைக்கும் மலாய்த் தாய்மார் அக்குளில் 'கெக்கேக்' என்று ஒரு சிறு துண்டும், பக்கங்களில் 'பேசாக்' என்று நீளத் துண்டும் வைப்பார்கள். கை தாராளமாக உயரும், தோளும் நழுவாது. தெரிந்த மலாய்த் தாய்மார் பக்கத்தில் இருந்தால் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

பிள்ளையைக் கேளுங்கள்

புதுத் துணியில் கத்திரி வைக்குமுன், பழைய படுக்கை விரிப்பில் மேல்பாகத்தை மட்டும் வெட்டி, கையால் நூலோட்டிப் போட்டுப் பாருங்கள். பிள்ளையைக் கை தூக்கச் சொல்லுங்கள். குனியச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். புத்தகப் பையை மாட்டச் சொல்லுங்கள். பிறகு, "எங்கே பிடிக்குது? எங்கே தொங்குது?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை நம்புங்கள். உடம்பு மாறுகிற வயது அது. வெட்கப்பட்டு வாயைத் திறக்காத பிள்ளையும், அம்மா உட்கார்ந்து கேட்டால் சொல்லும்.

இளமரத்துக்கும் கிழட்டு மரத்துக்கும் ஒரே கணக்குப் போட்டு இவ்வளவு பால் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால் நாம் ஒப்புக்கொள்கிறோமா? 'நிரையை வந்து பாருங்கள், மரத்தைப் பாருங்கள்' என்று வாதாடுகிறோம். ஏட்டுக் கணக்கு நமக்குப் பொருந்தாது என்று சொல்கிற நாமே, நம் பிள்ளையை ஏட்டில் இருக்கும் எண்ணுக்குள் திணிக்கலாமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனோம். தாயும் நாமுமாக உட்கார்ந்து பினாபோரைப் பிரித்தோம். முதுகின் நடுவில் 1 அங்குலம் பிடித்தோம்; தோளும் கழுத்தும் இடத்துக்கு வந்தன. பக்கங்களில் அரை அரை அங்குலம் பிடித்தோம். இடுப்பில் குறைந்த முக்கால் அங்குலத்துக்கு மிச்சத் துணியில் ஒரு பட்டை கொடுத்தோம். அதைப் பெல்ட் மறைத்துவிட்டது. வெள்ளைச் சட்டைக்கு மட்டும்தான் புதுத் துணி. அளவை எல்லாம் பிள்ளையே டேப் பிடித்துச் சொன்னாள், தாய் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை தாயிடமிருந்து போன் வந்தது. "பஸ் ஏறிட்டாக்கா!"

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். பொருந்தாத உடுப்பால் ஒரு பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கக் கூடாது. தாய்மார்களே, இன்று இரவே டேப்பை எடுத்து உங்கள் பெண்ணை அளந்து, தேதி போட்டு நாள்காட்டியில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் அளந்து பாருங்கள். வீட்டில் டேப் இல்லையென்றால் ஒரு கயிறும், பிள்ளையின் அடிக்கோலும் போதும்.